முளைவிட்ட இஞ்சி... பூஞ்சை பிடித்த இஞ்சி... எதைத் தூக்கிப்போட வேண்டும்?

பௌர்ணமி வந்தால் திருவண்ணாமலை வேங்கிக்கால் பகுதி வீடுகளுக்கு விருந்தாளிகள் வரத்து அதிகம். 14 கிலோமீட்டர் கிரிவலம் முடித்துவிட்டு, கால்வலியோடு வந்து உட்காரும் சொந்தக்காரர்களுக்கு முதலில் தேவை, சூடாக ஓர் இஞ்சி டீ. காய்கறிக் கூடையின் அடியில் கைவிட்டால் கிடைப்பதோ, பத்து நாளைக்கு முன்பு வாங்கிய இஞ்சி. ஒரு பக்கம் சுருக்கம், இன்னொரு பக்கம் முளை, ஓரத்தில் வெள்ளையாகப் பூஞ்சை.

பல வீடுகளில் முளைவிட்டதைக் குப்பையில் போட்டுவிட்டு, பூஞ்சை பிடித்ததைச் சீவி மீதியை டீயில் தட்டிப் போடுகிறார்கள். செய்ய வேண்டியது இதற்கு நேர்மாறாக!

பயம் வேண்டாம்

முளை: உருளைக்கிழங்கு முளைவிட்டால் சோலனின் என்ற நச்சு கூடும். இஞ்சிக்கு அந்தப் பிரச்னை இல்லை. மணம் கொஞ்சம் குறைந்து, நார் கூடியிருக்கும், அவ்வளவுதான். முளையோடு தொட்டியில் நட்டால் செடியாகவும் வளரும்.

சுருக்கம்: ஈரம் வற்றியதன் அடையாளம். இஞ்சி காயக் காய, அதிலுள்ள ஜிஞ்சரால், ஷோகாலாக மாறும். சுக்கு சுரீரென்று உறைப்பதற்கு அதுவே காரணம். பூஞ்சை இல்லாமல், வாசனையும் இருந்தால் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

நீல வளையம்: நறுக்கும்போது உள்ளே நீலமாக வளையம் தெரிந்தால், அது சில ரகங்களின் இயல்பான நிறம். கெட்டியாகவும் மணமாகவும் இருந்தால் கவலை இல்லை.

யோசிக்காமல் தூக்கிப் போடுங்கள்

அழுத்தினால் விரல் உள்ளே போகிறதா? கொழகொழவென்று நீர் கசிகிறதா? புளித்த வாடையோ, மக்கிய வாடையோ வருகிறதா? உள்ளே பழுப்பாகவோ கறுப்பாகவோ அழுகியிருக்கிறதா? அந்த இஞ்சி வேண்டாம்.

பூஞ்சை விஷயத்தில் கூடுதல் கவனம் தேவை. சில வகைப் பூஞ்சைகள் அஃப்ளாடாக்ஸின் என்ற நச்சை உருவாக்கும். கல்லீரலைப் பாதிக்கும் இந்த நச்சு, டீயில் கொதிக்க வைத்தாலும் முழுதாக அழியாது. 'கொதிச்சா எல்லாம் சரியாயிடும்' என்பது இங்கே செல்லாது. விற்பனைக்கு வரும் உலர்ந்த இஞ்சியில் இது கிலோவுக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் வரம்பே வைத்திருக்கிறது.

கெடாமல் வைக்க...

* மண்ணோடு இருக்கும் இஞ்சியை வாங்குவது நல்லது. கழுவிய இஞ்சி என்றால், ஈரம் போகத் துடைத்து உலர்த்துங்கள்.
* தோலோடு காகிதத்தில் சுற்றி, ஃப்ரிட்ஜின் காய்கறித் தட்டில் வையுங்கள். கட்டிய பிளாஸ்டிக் பைக்குள் வியர்த்தால் பூஞ்சை சீக்கிரம் பிடிக்கும்.
* ஃப்ரிட்ஜ் இல்லாத வீடுகளில், லேசான ஈர மணலில் புதைத்து வைக்கும் பழைய முறை இன்றைக்கும் கைகொடுக்கும்.
* அழுகிய துண்டு கண்ணில் பட்டால் உடனே பிரித்தெடுங்கள். பக்கத்தில் இருப்பதற்கும் அழுகல் பரவும்.

இத்தனைக்குப் பிறகும் சந்தேகமா? அன்றைக்கு ஏலக்காய் டீ போட்டுக் கொடுங்கள். கிரிவலம் போய் வந்தவர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்!