இரண்டில் ஒன்று நின்றால்

2009 அக்டோபர் 22. கரீபியன் கடலில் உள்ள குராசோ தீவிலிருந்து பக்கத்துத் தீவான போனேருக்கு 9 பயணிகளுடன் கிளம்பியது ஒரு பிரிட்டன்-நார்மன் ஐலேண்டர் விமானம். இறக்கைக்கு ஒன்றாக அதற்கு இரண்டு என்ஜின்கள். சில நிமிடங்களிலேயே வலப்பக்க என்ஜின் நின்றுபோனது. விமானி திரும்பவில்லை, போனேரை நோக்கியே போனார். மீதமிருந்த என்ஜினால் விமானத்தைத் தாங்க முடியவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்து, போனேரை எட்டுமுன் கடலில் இறங்கியது. பயணிகள் அனைவரும் பிழைத்தார்கள். நினைவிழந்த விமானியை அவர்களால் மீட்க முடியவில்லை.

அந்த விமானம் அனுமதிக்கப்பட்ட எடையை மீறிச் சுமந்திருந்தது என்பது விசாரணையில் தெரியவந்தது. குராசோவுக்கே திரும்பியிருக்கவும் வழி இருந்தது.

ஒன்று போனால் இன்னொன்று இருக்கிறதே என்றுதான் நாம் நினைப்போம். பெரிய பயணிகள் ஜெட்டுக்கு அது பொருந்தும். புறப்படும்போது ஒரு என்ஜின் நின்றாலும் மேலேற முடியும் என்று காட்டினால்தான் அதற்குச் சான்றிதழ். சிறிய விமானங்களுக்கு விதி அவ்வளவு கடுமையாக இருந்ததில்லை. 6,000 பவுண்டுக்கு உட்பட்ட பல இரட்டை என்ஜின் விமானங்கள் ஒற்றை என்ஜினில் ஏறியே ஆக வேண்டும் என்று அமெரிக்க விதிகள் நெடுங்காலம் கேட்கவில்லை.

எளிய கணக்காகப் பார்ப்போம். என்ஜினுக்கு 200 என மொத்தம் 400 குதிரைத்திறன். உயரம் குறையாமல் பறக்க 160 வேண்டும் என்றால், மேலேற மிஞ்சுவது 240. ஒரு என்ஜின் நின்றால் மிஞ்சுவது 40தான். சக்தியில் பாதி போனதற்கு, ஏறும் திறனில் ஆறில் ஐந்து பங்கு போய்விடுகிறது. நின்ற என்ஜினின் ப்ரொப்பெல்லர் காற்றில் சும்மா சுழன்று விமானத்தைப் பின்னுக்கு இழுத்தால் அந்த 40-ம் கரைந்துவிடும். எனவே அதன் அலகுகளைக் காற்றுக்கு விளிம்பு காட்டும்படி உடனே திருப்ப வேண்டும். விமானிகள் இதை 'ஃபெதர்' செய்வது என்பார்கள். பல பிஸ்டன் என்ஜின்களில் சுழற்சி மிகவும் குறைந்துவிட்டால் ஒரு பூட்டு விழுந்து அதையும் தடுத்துவிடும்.

இதைவிடக் கொடியது பக்கவாட்டு இழுப்பு. ஓடும் என்ஜின் ஒருபுறம் மட்டுமே தள்ளுவதால் மூக்கு நின்ற என்ஜின் பக்கம் திரும்பும். அதை எதிர்க்க, ஓடும் என்ஜின் பக்கத்துப் பெடலை மிதித்து வால் சுக்கானைத் திருப்ப வேண்டும். வேகமானியில் சிவப்புக் கோடிட்ட வேகத்துக்குக் கீழே போனால் சுக்கானுக்கு வலு போதாது. விமானம் உருண்டு கவிழும். 2019 ஜூன் 30 அன்று டெக்சஸ் மாநிலம் அடிசனில் புறப்பட்ட கிங் ஏர் 350 சற்றுப் பெரிய விமானம்தான், ஆனால் சிக்கல் இதேதான். இடது என்ஜினின் உந்துவிசை குறைந்தபோது விமானி முதலில் இடது பெடலையே மிதித்தார் என்பது விசாரணையின் முடிவு. 10 பேரும் இறந்தனர்.

தரையிறங்குவதிலும் இந்தக் கணக்கே துரத்துகிறது. சக்கரங்களையும் ஃபிளாப்புகளையும் முன்கூட்டியே இறக்கினால் இழுவை கூடி, ஓடுபாதைக்கு முன்பே விமானம் தரைக்கு வந்துவிடும். அதற்கு அஞ்சி உயரத்தோடும் வேகத்தோடும் வந்தால் ஓடுபாதை போதாது. அப்போது மீண்டும் எழும்ப முழு சக்தி கொடுப்பதுதான் எனக்கு மிகவும் அச்சமூட்டும் தருணம்: வேகம் குறைவு, இழுவை அதிகம், தள்ளுவது ஒரு பக்கம் மட்டும். குறிப்பிட்ட உயரத்துக்குக் கீழே வந்தபின், ஓடுபாதையைத் தாண்டி ஓடினாலும் சரி, இறங்கியே தீர வேண்டும் என்று பயிற்றுநர்கள் வற்புறுத்துவது இதனால்தான்.

என்ஜின் நின்றால் என்ன செய்வது என்ற முடிவை நல்ல விமானிகள் வானத்தில் எடுப்பதில்லை. ஓடுபாதை முனையிலேயே வாய்விட்டுச் சொல்லிக்கொள்கிறார்கள்: "சக்கரத்தை மடக்குமுன் ஒரு என்ஜின் நின்றால், இரண்டு த்ராட்டிலையும் மூடி நேர் எதிரே இறங்குவேன்."