அட்மிஷனின் பின்கட்டு

கண்டிப்பான அட்மிஷன் எங்கே என்று கேட்டால் உடனே ஹார்வர்டு, ஸ்டான்ஃபோர்டு என்று கிளம்பிவிடாதீர்கள். திருப்பத்தூரில் சிவகங்கை பஸ் ஏறி, திருக்கோஷ்டியூரில் இறங்குங்கள். கோயில் கொண்டிருப்பவர் சௌமிய நாராயணப் பெருமாள். பக்கத்திலேயே வைணவ ஆசாரியர் நம்பியின் வீடு. அதுதான் அட்மிஷன் ஆபீஸ்!

விண்ணப்பித்தவர் ராமானுஜர். ஸ்ரீரங்கத்திலிருந்து நடந்தே வருகிறார். படிப்பு, திருமந்திரத்தின் உட்பொருள். தேர்வுக் குழு என்று பார்த்தால் திருக்கோஷ்டியூர் நம்பி ஒருவர்தான். பதினேழு தடவை ‘போய் வாரும்’. பதினெட்டாவது தடவைதான் சீட். அதிலும் ஒரு கூத்து. ‘தண்டும் பவித்திரமுமாகத் தனியே வாரும்’ என்று நம்பி சொல்லியனுப்ப, இவர் தம் சீடர்கள் கூரத்தாழ்வானையும் முதலியாண்டானையும் கூட்டிக்கொண்டு வந்து, ‘இவர்கள்தாம் என் தண்டும் பவித்திரமும்’ என்றாராம். ஒரு ஹால் டிக்கெட்டில் மூன்று பேர்!

இப்போது கணக்குப் போடுங்கள். விண்ணப்பம் 18, அனுமதி 1. ஐந்தரை சதவீதம், பயங்கரமான போட்டி. அதையே ஆள் கணக்கில் பாருங்கள்: கேட்டவர் ஒருவர், கிடைத்தவரும் அவரே. நூற்றுக்கு நூறு! இரண்டுமே பொய்யில்லை. கீழே எதை வைத்து வகுக்கிறோம் என்பதில்தான் சூட்சுமம்.

அமெரிக்காவில் நடப்பதும் இதேதான். ஒரே பிள்ளை பொது விண்ணப்பத் தளம் வழியாகப் பதினைந்து கல்லூரிக்குத் தட்டிவிடுகிறது. எல்லாக் கல்லூரியின் சதவீதமும் சரிகிறது. ஸ்டான்ஃபோர்டு 2018-இல் 4.3 சதவீதத்தைத் தொட்டது. அதே ஆண்டு, இனி இந்த எண்ணைத் தம்பட்டம் அடிக்கப்போவதில்லை என்று அறிவித்துவிட்டது.

நம்மூர் நீட்டுக்கு வாருங்கள். 2024-இல் எழுதியவர்கள் 23 லட்சத்துக்கும் மேல். ‘தகுதி பெற்றவர்’ 13 லட்சத்துக்கும் மேல். கேட்க எவ்வளவு இனிப்பு! எம்.பி.பி.எஸ். இடங்களோ அந்த ஆண்டு நாடு முழுக்கச் சுமார் 1.1 லட்சம், அதில் பாதியளவுதான் அரசுக் கல்லூரிகளில். தகுதி என்ற சொல்லை நம்பி லட்டு வாங்கியவர்கள் பாவம்.

நான் குஷியாகக் காட்ட நினைத்த பின்கட்டு, நம் தமிழ்நாட்டுப் பொறியியல் கவுன்சலிங்தான். நுழைவுத்தேர்வு 2007-இலேயே போய்விட்டது. கணக்குக்கு 100, இயற்பியல் 50, வேதியியல் 50. மொத்தம் 200 கட்-ஆஃப். 2024-இல் 200-க்கு 200 எடுத்தவர்கள் 65 பேர், 2025-இல் 144. ஒரே வருஷத்தில் பிள்ளைகளுக்கு மூளை இரட்டிப்பாகிவிட்டதா? பிளஸ் டூ வேதியியலில் சதமடித்தவர்கள் 471-லிருந்து 3,181-ஆக எகிறியதைப் பாருங்கள், திருடன் அகப்பட்டுவிடுவான். மார்க் தாராளமானால் கட்-ஆஃப் தானாக ஏறும். கல்லூரியின் தரத்துக்கும் அந்த ஏற்றத்துக்கும் சம்பந்தமே இல்லை.

எல்லா மார்க்கும் சமமாக வந்தால்? கணக்கு, இயற்பியல் என்று வரிசையாக ஒப்பிட்டு, பிறந்த தேதி வரை போய் (வயதில் மூத்தவருக்கு முதலிடம்), அதிலும் தீராவிட்டால் ரேண்டம் எண். பெரிய எண் யாருக்கோ அவர் முன்னே! பன்னிரண்டு வருஷப் படிப்பின் கடைசி வாசலில் ஒரு குலுக்கல் சீட்டு நிற்கிறது என்பதை நினைத்தால் எனக்குச் சிரிப்பாக வருகிறது. வரிசையில் நிற்பவருக்கு வராது, அதுவும் தெரியும்.

ஆகவே பெற்றோரே, போன வருஷக் கட்-ஆஃப் மார்க்கை மனப்பாடம் செய்யாதீர்கள். அந்த இடம் எந்த ரேங்க் வரை போனது என்று பாருங்கள். சாய்ஸ் நிரப்பும்போது ஆசைப்பட்ட கல்லூரியைக் கூசாமல் முதலில் போடுங்கள். அது கிடைக்காவிட்டாலும் உங்கள் ரேங்கிலேயேதான் அடுத்த சாய்ஸைப் பார்ப்பார்கள். வரிசையில் பின்னே தள்ள மாட்டார்கள்.