பெட்ரோல் டேங்க்கின் மேல் நாற்பது மைக்ரான்

ஆனைக்குட்டம் அணையைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்து சிவகாசி, திருத்தங்கல் பக்கம் பட்டாசு ஆலைக்கும் அச்சகத்துக்கும் பைக்கில் போகிறவர்கள், காலையில் வண்டியின் கரிசல் புழுதியை ஒரு துணியால் தட்டித் துடைத்துவிட்டுத்தான் கிளப்புவார்கள். அக்கறையோடு செய்கிற அந்த வேலைதான் புது வண்டியின் கறுப்பு டேங்க்கை மங்க வைக்கிறது. வெயிலில் நிறுத்திப் பார்த்தால் சூரியன் பளிச்சிடும் இடத்தைச் சுற்றி வட்ட வட்டமாக மெல்லிய கோடுகள் மினுங்கும். உண்மையில் அவை வட்டங்கள் இல்லை. கோடுகள் எல்லாத் திசையிலும் ஓடுகின்றன; வெளிச்சத்துக்குக் குறுக்கே கிடப்பவை மட்டும் ஒளியைக் கண்ணுக்குத் திருப்பி அனுப்புவதால் வளையங்களாகத் தோன்றுகின்றன. மெத்தென்ற பனியன் துணி எப்படிக் கீறும் என்று கேட்கலாம். கீறுவது துணி இல்லை, துணிக்கும் பெயின்டுக்கும் நடுவில் மாட்டிய மணல். மணலில் மிகுதியாக உள்ள குவார்ட்ஸின் கடினம் மோஸ் அளவில் 7. சாதாரணக் கத்தியின் இரும்பைவிட அதிகம். பெயின்டின் மேல்பூச்சோ ஒரு வகைப் பிளாஸ்டிக். டேங்க் கவர் போட்டவர்களும் தப்புவதில்லை. அதன் அடியில் புகுந்த புழுதி, ஓட்டும் நேரமெல்லாம் என்ஜின் அதிர்வில் உரசிக்கொண்டே இருக்கிறது.

தகட்டின் மேல் பிரைமர், அதன் மேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேல் கிளியர் கோட் என்கிற நிறமற்ற லேக்கர். இந்த லேக்கரின் தடிமன் சுமார் 40 மைக்ரான்தான். தலைமுடி ஒன்று ஏறக்குறைய 70 மைக்ரான் இருக்கும். துடைத்ததால் விழுந்த கோடுகள் லேக்கருக்குள்ளேயே, ஓரிரு மைக்ரான் ஆழத்தில் நின்றுவிடுகின்றன. ரப்பிங் காம்பவுண்டு அந்தப் பள்ளத்தை நிரப்புகிறது என்பது பலரின் எண்ணம். அது செய்வது நேர்மாறான வேலை: பள்ளத்தைச் சுற்றியுள்ள நல்ல பூச்சைத் தேய்த்து, பள்ளத்தின் அடிமட்டத்துக்கு இறக்குகிறது. காம்பவுண்டும் கீறத்தான் செய்கிறது. ஆனால் அந்தக் கீறல்கள் ஒளியின் அலைநீளத்தைவிட, அதாவது 0.4 மைக்ரானைவிட, நுண்மையாகிவிட்டால் ஒளியைச் சிதறடிக்கும் வலு அவற்றுக்கு இருப்பதில்லை. நாம் பளபளப்பு என்பது அதைத்தான். கீறுகிற துகள் பெரும்பாலும் அலுமினியம் ஆக்சைடு. பட்டாசில் கலக்கும் அலுமினியப் பொடி எரிந்து வெண்புகையாகும்போது உண்டாவதும் அதே சேர்மம். தீபாவளிக்கு மறுநாள் வண்டிமேல் படிந்திருக்கும் சாம்பலை வறட்டுத் துணியால் துடைக்கக் கூடாது என்பதற்கு இது ஒன்றே போதும்.

ஆக, ஒவ்வொரு பாலிஷும் திரும்ப வராத ஒரு செலவு. வெயிலின் புறஊதாக் கதிரிலிருந்து நிறத்தைக் காப்பதும் இந்த லேக்கர்தான். விருதுநகர் வெயிலில் அதை மெலிய விட்டால் நிறம் வெளுக்கும். டூத்பேஸ்ட் போட்டால் போகிறதே என்பார்கள். போகிறது என்பது பொய்யில்லை, அதிலும் கால்சியம் கார்பனேட்டோ சிலிக்காவோ இருக்கிறது. ஆனால் அந்தத் துகள்கள் பல்லை நினைத்துத் தேர்ந்தெடுக்கப்பட்டவை. கறுப்பு டேங்க்கில் பழைய கோடு போய்ப் புது மங்கல் வரலாம். வாக்ஸ் கோடுகளை நிரப்பி மறைக்கும், நாலு தடவை கழுவினால் மறுபடி தெரியும். இருந்தும் லேக்கரில் கை வைக்காததால், லேசான கோடுகளுக்கு முதலில் அதைப் போட்டுப் பார்ப்பதே நல்லது என்பேன். இன்னொரு ஆட்சேபம் நியாயமானது: வானம் பார்த்த பூமியில் தினமும் வண்டி கழுவத் தண்ணீருக்கு எங்கே போவது? தினமும் கழுவ வேண்டியதில்லை. தொடாமல் விட்ட தூசி கீறாது, தேய்த்தால்தான் கீறும். வாரம் ஒரு தடவை அரை வாளி போதும்: மேலிருந்து மக்கில் ஊற்றிப் புழுதியை இறக்கிவிட்டு, பிறகு ஈரமான மைக்ரோஃபைபர் துணியால் அழுத்தாமல் துடைக்கலாம். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் காயவிடாமல் ஒற்றி எடுக்க வேண்டும். இல்லையென்றால் வெள்ளைப் புள்ளி நிற்கும்.

பாலிஷ் போட்டே ஆக வேண்டுமானால் முதலில் நகத்தைக் கோட்டின் குறுக்கே இழுத்துப் பார்க்க வேண்டும். நகம் மாட்டினால் கோடு ஆழமானது. அதைத் தேய்த்து எடுக்க முயன்றால் லேக்கரே போய்விடும், டச்-அப் பெயின்டுதான் வழி. மாட்டவில்லையென்றால், வண்டியைக் கழுவி நிழலில் டேங்க் குளிர்ந்த பிறகு, உள்ளங்கை அகல இடத்தில் ஃபோம் பேடால் லேசாகத் தேய்த்து, துடைத்து, கோடு மறைந்ததும் நிறுத்திவிட வேண்டும். டேங்க்கின் விளிம்பிலும் மடிப்பிலும் லேக்கர் மெல்லியதாக இருக்கும் என்பதால் அங்கே டேப் ஒட்டிக்கொள்வது நல்லது. துணியில் வண்டியின் நிறம் ஏறினால் தேய்படுவது லேக்கர் இல்லை, நிறமே. மேட் ஃபினிஷ் வண்டியில் மட்டும் காம்பவுண்டைத் தொடவே கூடாது. தேய்த்த இடம் பளபளத்துத் திட்டாக நிற்கும், மறுபடி பெயின்ட் அடிக்காமல் அது போகாது.