சிவப்பு அங்கி சொன்ன சாட்சி

2017 மார்ச் மாதம். டெக்சாஸ் மாநிலத் தலைநகரான ஆஸ்டினில் செனட் கூடியிருந்தது. கருக்கலைப்புக்குக் கட்டுப்பாடு விதிக்கும் மசோதாக்கள் விவாதத்துக்கு வந்திருந்தன. பார்வையாளர் மாடத்தில் சில பெண்கள் வந்து வரிசையாக உட்கார்ந்தார்கள். உடலை மூடிய சிவப்பு அங்கி, முகத்தை இருபுறமும் மறைக்கும் வெள்ளைத் தொப்பி. அவர்கள் வாயே திறக்கவில்லை.

அந்த உடை ஒரு நாவலிலிருந்து வந்தது. கனடா எழுத்தாளர் மார்கரெட் அட்வுட் 1985இல் வெளியிட்ட ‘தி ஹேண்ட்மெய்ட்ஸ் டேல்’. அமெரிக்க அரசைக் கவிழ்த்து மதவாதிகள் கிலியட் என்ற நாட்டை அமைக்கிறார்கள். பிள்ளைப்பேறு அருகிப்போன காலம். கருத்தரிக்கக்கூடிய பெண்களைப் பிடித்து, இந்த உடையை மாட்டி, அதிகாரிகளின் வீடுகளுக்குப் பிள்ளை பெற்றுத்தர அனுப்புகிறார்கள். பெண்கள் படிக்கக் கூடாது. கடைப் பலகையில்கூடப் படம்தான் இருக்கும். என்னை நடுங்கவைத்த இடம், கதாநாயகி சிகரெட் வாங்கப் போகும் காட்சி. அவள் கணக்கு எண் செல்லாது என்கிறான் கடைக்காரன். அன்றே வேலையும் போகிறது. அவளுடைய பணம் இனி அவள் கணவன் பொறுப்பில். ஒரு பகல் பொழுதுக்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது.

1984இல், சுவர் நின்றிருந்த மேற்கு பெர்லினில், வாடகைத் தட்டச்சு இயந்திரத்தில் அட்வுட் இதை எழுதத் தொடங்கினார். வரலாற்றில் எங்கேயாவது நடக்காத எதையும் சேர்ப்பதில்லை என்று தனக்குத்தானே விதி வைத்துக்கொண்டார். செய்தித்தாள் நறுக்குகளைச் சேர்த்து வைத்தார். ருமேனியாவில் சாவுசெஸ்கு 1966இல் கருக்கலைப்பைத் தடைசெய்ததும், பெண்களின் கருவை அரசு கண்காணித்ததும் கற்பனை இல்லை. நாவலின் பலமே இதுதான் என்பேன்.

ஒரு குறையும் உண்டு. நாவலில் வரும் எழுதப் படிக்கத் தடை, பிள்ளையைப் பிடுங்கிக்கொள்வது, எசமானின் பெயரைச் சுமப்பது எல்லாம் அமெரிக்க அடிமை முறையில் கறுப்பினப் பெண்கள் அனுபவித்தவை. கதையிலோ அட்வுட் கறுப்பின மக்களை எங்கோ அப்புறப்படுத்திவிட்டதாக ஓரிரு வரியில் சொல்லி முடித்துவிடுகிறார். இந்த விமர்சனம் நியாயமானது.

2017 ஏப்ரலில் நாவலைத் தழுவிய ஹூலூ தொடர் வெளியானபின் சிவப்பு அங்கி அயர்லாந்து, போலந்து என்று பரவியது. அர்ஜென்டினாவுக்கு அது போனதைத் தனியாகச் சொல்ல வேண்டும். 1976 முதல் 1983 வரையிலான ராணுவ ஆட்சியில், சிறையில் பிரசவித்த பெண்களின் குழந்தைகளைப் பறித்து ஆட்சிக்கு வேண்டிய குடும்பங்களிடம் கொடுத்தார்கள். சுமார் 500 குழந்தைகள் என்பது, இன்றும் பேரப்பிள்ளைகளைத் தேடிவரும் பிளாசா டி மாயோ பாட்டிமார்களின் மதிப்பீடு. கிலியட்டை உருவாக்க அட்வுட் எடுத்துக்கொண்ட வரலாறுகளில் இதுவும் ஒன்று. அதே நாட்டில், 2018இல் கருக்கலைப்பு உரிமை கேட்ட பெண்கள் சிவப்பு அங்கியோடு நாடாளுமன்றம் நோக்கி மௌனமாக நடந்தார்கள். ஆகஸ்டில் செனட் அந்த உரிமைக்கான மசோதாவைத் தோற்கடித்தது. 2020 டிசம்பரில் அதே அவை சட்டத்தை நிறைவேற்றியது. அந்த வெற்றியை நாவலின் கணக்கில் எழுத எனக்கு மனம் வரவில்லை. அது பல ஆண்டுகள் தங்கள் போராட்டத்தின் அடையாளமான பச்சைக் கைக்குட்டையோடு தெருவில் நின்ற பெண்களுடையது.