பிட்டைக் கைவிடுதல் வேண்டுமா?

நீரிழிவு என்று வைத்தியர் கூறிய மறுநாளே, பல இல்லங்களில் முதியோரின் தட்டிலிருந்து பிட்டு அகற்றப்பட்டுவிடுகின்றது. எமது நோக்கில் இது வேண்டாத தண்டனையே. 60 ஆண்டுகள் உண்டு பழகிய நாவை ஒரே நாளில் அடக்கினால், அது ஒளித்துண்ணவே வழி தேடும். முதலில் மாவை மாற்றிப் பார்ப்போம்.

வெள்ளையரிசி மாவிலும் கோதுமை மாவிலும் தவிடு நீங்கிவிடுவதால் நாரும் உயிர்ச்சத்துக்களும் பெரிதும் குறைகின்றன. தீட்டாத சிவப்பரிசி மா இரண்டு பங்கும் குரக்கன் மா ஒரு பங்கும் கலந்து குழைக்கலாம். (முதல் நாளே தனிக் குரக்கனில் அவித்தால் பிள்ளைகள் தட்டைத் தள்ளிவிடுவர்!) 100 கிராம் குரக்கனில் ஏறக்குறைய 340 மில்லிகிராம் சுண்ணாம்புச்சத்து உண்டு, அரிசியில் அதன் பத்திலொரு பங்குகூட இல்லை. முருங்கையிலையையும் அரிந்து சேர்த்தால், தேங்காய்ப்பூவைக் குறைத்தாலும் சுவை குன்றாது. நீற்றுப்பெட்டியில் ஆவியில் அவிப்பதால் சத்து நீரோடு வடிந்து போவதுமில்லை.

ஆயினும் குரக்கனும் மாச்சத்து உணவே, அளவு மீறலாகாது. சீனியும் வாழைப்பழமும் இட்டுப் பிசைவதை விடுத்து, தட்டிற் பாதியைக் கத்தரிக்காய்க் கறிக்கும் கீரைக்கும் ஒதுக்குக. மருந்துண்போர் பிட்டின் அளவை வைத்தியரிடம் கேட்டறிதல் நன்று.