கடல்நாயின் சாப்பாட்டுக் கணக்கு

கடல்நாய் என்ன தின்றது என்று அதனிடமே கேட்க முடியாது. எச்சத்தைத்தான் கிளற வேண்டும். அள்ளிவந்து சல்லடையில் அலசினால், மீனின் காதுக்கல் வெள்ளையாய்த் தங்கும். அதன் வடிவம் மீனின் இனத்தையும், அளவு மீனின் நீளத்தையும் காட்டிக்கொடுக்கும். சின்னக் கற்கள் வயிற்றிலேயே கரைந்துபோவதும் உண்டு, அதுதான் தலைவலி!

இந்தக் கணக்கு ஏன் முக்கியம் என்று பாருங்கள்: தென்னாப்பிரிக்காவில், ஹேக் மீனைக் கடல்நாய்கள் தின்றுதீர்க்கின்றன என்பது மீன்பிடித் தொழிலின் பழைய புகார். ஆனால் அங்கே ஹேக்கில் இரண்டு இனம். கடல்நாய் அதிகம் தின்பது ஆழம் குறைந்த நீரில் வாழும் இனத்தை. அந்த இனத்தின் பெரிய மீன்களோ ஆழ்கடல் ஹேக்கின் குஞ்சுகளை விழுங்குபவை. அதனால் கடல்நாய்களைக் குறைத்தால் அந்தப் பெரிய மீன்கள் பெருகி, மொத்த ஹேக் மீன்பாடு குறையவும் கூடும் என்று 1990களின் ஆய்வுக் கணக்குகளே காட்டின.