உள்ளே ஒலிக்கும் குரல்: நரம்பியல் வேறுபாடு உடையோரும் தன்மதிப்பும்

காலை எட்டரை மணி. பேருந்து நிறுத்தம் வரை வந்துவிட்ட ஒருவர் கைப்பையைத் துழாவுகிறார். அலுவலக அடையாள அட்டையைக் காணவில்லை. முந்தைய இரவே எடுத்து வைக்க வேண்டும் என்று நினைத்திருந்தார். அது மேசையின் மீதே இருக்கிறது. வீட்டை நோக்கித் திரும்பி நடக்கும் ஐந்து நிமிடங்களில் அவர் தமக்குள் சொல்லிக்கொள்வது இது: "உருப்படாத ஜென்மம். ஒரு காரியம் ஒழுங்காகச் செய்யத் தெரியாது. இந்த வயதிலுமா இப்படி?"

அட்டையை மறந்ததால் அரை மணி நேரம் வீணாகலாம்; அத்துடன் அது முடிந்துவிடும். அந்த ஐந்து நிமிடப் பேச்சு அவ்வாறு முடிவதில்லை. அலுவலகத்திலும் மாலை வீட்டிலும் அது உடன் வருகிறது. எமது மனநலப் பிரிவுக்கு வரும் ஏ.டி.எச்.டி. உடைய பெரியவர்களிடம் இதன் ஏதேனும் ஒரு வடிவத்தை அடிக்கடி கேட்கிறோம். (மேலே குறிப்பிட்டவர் தனியொருவர் அல்லர், பலருடைய அனுபவங்களைச் சேர்த்து எழுதப்பட்டவர்.) இப்போது அவர்களை யாரும் வைவதில்லை, ஆயினும் வசவு ஓயவில்லை. அதை அவர்களே தொடர்ந்து நடத்திக்கொண்டிருக்கிறார்கள்.

ஆட்டிசம், ஏ.டி.எச்.டி., டிஸ்லெக்சியா போன்றவற்றை உடையவர்களின் மூளை, பெரும்பான்மையோரின் மூளையினின்றும் வேறுபட்ட முறையில் வளர்ந்து செயற்படுகிறது. இதனையே நரம்பியல் வேறுபாடு என்கிறோம். இது அறிவுக் குறைவும் அன்று, ஒழுக்கக் குறைவும் அன்று. ஏ.டி.எச்.டி.யை எடுத்துக்கொள்வோம். செய்ய வேண்டியது என்ன என்பது அவருக்கு நன்றாகவே தெரியும். அதை உரிய நேரத்தில் நினைவுக்குக் கொண்டுவருவதும், தொடங்குவதும், இடையில் விடாமல் முடிப்பதும்தான் கடினம். தெரிந்தும் செய்யாதவரை நம் சமூகம் சோம்பேறி என்றே அழைத்துப் பழகியிருக்கிறது. அச்சொல்லைச் சிறு வயது முதல் கேட்டு வளர்ந்தவர், ஒரு கட்டத்தில் அதைத் தம் பெயரைப் போலவே ஏற்றுக்கொண்டுவிடுகிறார்.

இந்தக் குரல் உள்ளே எவ்வாறு புகுந்தது? 1934-ஆம் ஆண்டில் மறைந்த சோவியத் உளவியலாளர் லெவ் வைகாட்ஸ்கி இதற்குத் தெளிவான விளக்கம் ஒன்றை அளித்தார். குழந்தையின் பேச்சு முதலில் பிறருடன் நிகழ்கிறது. பின்னர் விளையாடும்போதும் படம் வரையும்போதும் குழந்தை தனக்குத்தானே வாய்விட்டுப் பேசுகிறது: "சிவப்பு எங்கே? இதை இங்கே வைக்கணும்." காலப்போக்கில் அப்பேச்சு ஒலியிழந்து உள்ளே சென்று, நம் எண்ணத்தை நடத்தும் அகப்பேச்சாக மாறுகிறது. அவ்வாறெனில், வெளியிலிருந்து குழந்தை எவ்வகைப் பேச்சை மிகுதியாகக் கேட்டதோ, அதன் சாயல் உள்ளேயும் படியும் என்று எதிர்பார்ப்பது இயல்பே. வகுப்பிலும் வீட்டிலும் பிறரைவிட அதிகமாகத் திருத்தப்பட்ட குழந்தைக்குள் திருத்துபவரின் குரலே தங்கிவிடுகிறது.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஏ.டி.எச்.டி. உடைய குழந்தைகளிடம் இந்த வாய்விட்டுப் பேசும் பருவம் நீண்டு காணப்படுவதுண்டு. வீட்டுப்பாடம் எழுதுகையில் முணுமுணுக்கும் பிள்ளையை, "என்ன பைத்தியம் மாதிரி தனியாகப் பேசுகிறாய்?" என்று அடக்காதீர்கள். அம்முணுமுணுப்பே அப்பிள்ளையைப் பாடத்தில் நிறுத்தி வைத்திருக்கலாம். பெரியவர்களும் அவ்வாறு பேசிக்கொண்டு வேலை செய்வதில் தவறில்லை. தம்முடையதல்லாத குரல் ஒன்று வெளியிலிருந்து பேசுவதாக ஒருவர் உணர்வது வேறு. அதற்கு மருத்துவரை உடனே அணுக வேண்டும்.

அப்படியானால் உள்ளே நல்ல சொற்களை நிரப்பிவிட்டால் போதுமா? தினமும் கண்ணாடி முன் நின்று "நான் சிறந்தவன், என்னால் எல்லாம் முடியும்" என்று சொல்லுமாறு பலர் அறிவுரை கூறுவதுண்டு. எமக்கு இதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. கனடாவின் உளவியலாளர் ஜோன் வுட் என்பவரும் அவருடன் பணியாற்றியோரும் 2009-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், தாம் அன்புக்குரியவர் என்ற பொருளுள்ள வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லுமாறு சிலரைக் கேட்டுக்கொண்டனர். ஏற்கெனவே தன்மதிப்பு மிக்கவர்களுக்கு அதனால் சிறிது நன்மை கிட்டியது. தன்மதிப்பு குன்றியவர்களோ, அவ்வாறு சொல்லாதவர்களைவிட மோசமாக உணர்ந்தனர். காரணத்தை ஊகிப்பது கடினமன்று. நம்ப முடியாத புகழுரையைக் கேட்டதும் மனம் எதிர்வாதம் செய்யத் தொடங்குகிறது. மறந்த அட்டைகளையும் தவறிய தேர்வுகளையும் சாட்சிக்கு அழைக்கிறது.

ஆகவே, மனத்தால் மறுக்க முடியாத வாக்கியமே நமக்கு வேண்டும். தமக்குள் ஒன்றைச் சொல்லிக்கொள்ளுமுன், இது உண்மையா என்றும், அடுத்து என்ன செய்வது என்பதை இது சொல்கிறதா என்றும் கேட்டுப் பாருங்கள். "நான் உருப்படாதவன்" என்பது இரண்டிலும் தோற்றுப்போகும். "நான் மிகச் சிறந்தவன்" என்பதும் அப்படித்தான். "கண்ணில் படாத பொருள் என் நினைவில் நிற்பதில்லை. இன்றிரவு அட்டையைச் செருப்பின் மேல் வைத்துவிடுவேன்" என்பது இரண்டிலும் தேறும். இதில் புகழ்ச்சி எதுவும் இல்லை. ஆயினும் தம்மை இகழாமல் ஒரு குறையைப் பற்றிப் பேச முடிகிறது என்பதே பலருக்குப் புதிய அனுபவமாக இருக்கிறது.

வேலையைத் தொடங்க முடியாமல் அமர்ந்திருப்பவர், "தொடங்குவதுதான் எனக்குக் கடினம், இப்போது கோப்பைத் திறந்து வைப்பது மட்டும்" என்று சொல்லிக்கொள்ளலாம். திருமண மண்டபத்தில் மேளமும் ஒலிபெருக்கியும் விளக்குகளும் சேர்ந்து தாக்கும்போது பேச்சு நின்றுவிடும் ஆட்டிசம் உடைய பெண், "எனக்குத்தான் மனிதர்களோடு பழகத் தெரியவில்லை" என்று வருந்துவதற்குப் பதிலாக, "சத்தம் மிகுந்தால் எனக்குச் சொற்கள் வருவதில்லை, பத்து நிமிடம் வெளியே நின்றுவிட்டு வருவேன்" என்று சொல்லிக்கொள்ளலாம். எப்போதும் பிறரைப் போலவே நடித்தாக வேண்டும் என்று தம்மை அதட்டிக்கொள்வது அவரை மேலும் களைப்படையச் செய்யும்.

டிஸ்லெக்சியா உடைய மாணவருக்கு இது மனநிறைவைப் பற்றிய பேச்சு மட்டுமன்று. "நான் மக்கு" என்று முடிவு செய்துவிட்ட பிள்ளை உதவி கேட்பதில்லை. "எனக்கு வாசிக்க அதிக நேரம் ஆகும், யாராவது வாசித்துக் காட்டினால் புரிகிறது" என்று சொல்லத் தெரிந்த பிள்ளை கேட்கும். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தையும் குறிப்பிட்ட கற்றல் குறைபாடுகளையும் தன் பட்டியலில் சேர்த்துள்ளது. தமிழ்நாட்டுப் பொதுத்தேர்வுகளில் டிஸ்லெக்சியா உடையோருக்குக் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் போன்ற சலுகைகள் உண்டு. உரிய மருத்துவச் சான்றுடன் அவற்றுக்கு விண்ணப்பிக்க வேண்டும். கூச்சத்தால் அந்த நாள்களைத் தவறவிடுவது பெரிய இழப்பு.

சொல்லும் முறையும் முக்கியமானது. அமெரிக்காவின் ஈத்தன் கிராஸ் என்பவரும் குழுவினரும் 2014-இல் வெளியிட்ட ஆய்வுகளின்படி, பதற்றமான வேளையில் "நான்" என்று பேசிக்கொள்வோரைவிட, தம்மைப் பெயர் சொல்லியோ முன்னிலையிலோ அழைத்துப் பேசிக்கொள்வோர் அந்நேரத்தைச் சற்று நிதானமாகக் கடக்கின்றனர். பாட்டி அழைத்த செல்லப்பெயர் ஒன்று இருந்தால் அதையே பயன்படுத்திப் பாருங்கள். அப்பெயரைச் சொல்லிவிட்டு உடனே திட்டுவது கொஞ்சம் கடினம்!

எல்லோருடைய எண்ணமும் சொற்களால் ஆனதன்று. ஆட்டிசம் உடைய அமெரிக்கக் கால்நடை அறிவியல் அறிஞர் டெம்பிள் கிராண்டின், தாம் படங்களாகவே சிந்திப்பதாக எழுதியுள்ளார். அத்தகையோருக்கு, தாம் நன்றாகச் செய்து முடித்த ஒரு வேலையின் புகைப்படமோ, செய்முறையைக் காட்டும் படவரிசையோ அகப்பேச்சின் இடத்தை நிரப்பும்.

இனி வீட்டிலிருப்போருக்கு. "எத்தனை தடவை சொல்வது?" என்பது கேள்வி போன்ற தீர்ப்பு. "இதை எங்கே வைத்தால் உன் கண்ணில் படும்?" என்பது உண்மையான கேள்வி. பின்னதைப் பலமுறை கேட்ட பிள்ளை ஒருநாள் தன்னைத்தானே அவ்வாறு கேட்டுக்கொள்ளும். அத்தை மகனோடும் பக்கத்து வீட்டுப் பெண்ணோடும் ஒப்பிடுவதை நிறுத்திவிடுங்கள். இன்னொன்றும் உண்டு. ஏ.டி.எச்.டி. குடும்பங்களில் தொடர்ந்து வரும் இயல்புடையது. பிள்ளைக்குப் பரிசோதனை நடக்கும்போதுதான், தமக்கும் அது இருந்திருக்கிறது என்று தந்தையோ தாயோ உணர்வதுண்டு. அடுப்பில் பாலை மறந்துவிட்டு, "என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்" என்று தாய் சொல்வதைப் பிள்ளை கேட்டுக்கொண்டே இருக்கிறது. பிழை நேர்ந்தால் தன்னை எவ்வாறு நடத்த வேண்டும் என்று அங்கேயும் அது கற்றுக்கொள்கிறது. ஆகவே பெற்றோர் தமக்குச் சொல்லிக்கொள்வதையும் சற்று மாற்றிப் பாருங்கள்.

தற்பேச்சு மருந்துக்கோ உளவியல் சிகிச்சைக்கோ மாற்று ஆகாது. மருத்துவர் எழுதிக்கொடுத்த மருந்தை இதன்பொருட்டு நிறுத்திவிடாதீர்கள். உள்ளே ஒலிக்கும் குரல் "நான் இருந்து என்ன பயன்?" என்று கேட்கத் தொடங்கினால், சொற்களை மாற்றிப் பார்த்துக் காத்திருக்க வேண்டாம், உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வாருங்கள். அல்லது நடுவண் அரசின் டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் அழையுங்கள். இரவும் பகலும் கட்டணமின்றி, தமிழிலும் பேசலாம்.

அடுத்த சந்திப்புக்கு வருமுன் ஒரு வார காலம் சிறு குறிப்பேடு ஒன்று வைத்திருங்கள். என்ன நேர்ந்தது, அப்போது தமக்குள் என்ன சொல்லிக்கொண்டீர்கள் என்பதை மட்டும் எழுதினால் போதும். சொற்களைத் திருத்தி எழுத வேண்டியதில்லை. வைதது வைதபடியே இருக்கட்டும். ஓரிரு நாள் எழுத விட்டுப்போனாலும் பாதகமில்லை. வரும் நாளன்று மறந்துவிடாமலிருக்க, குறிப்பேட்டை மருத்துவமனைக் கோப்பின் உள்ளேயே வைத்துவிடுங்கள்.